பிஸ்கட் டின்னில் இருந்த சிவப்புக் குளிசை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு நடந்து போய் மூட்டை சுமந்தேன். இன்றைக்கு வெள்ளவத்தையில் சொந்தமாக ஹாட்வெயார் கடை, அதற்குப் பின்னால் சொந்த ஃபிளாட். ஒருத்தனிடமும் கை நீட்டியதில்லை. போகிற இடமெல்லாம் இதைச் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

எங்கள் மாடியில் எனக்கு ‘டொக்டர்’ என்று பட்டம். கனடாவில் இருக்கும் மச்சான் வரும்போதெல்லாம் அங்கே மிஞ்சிய மருந்துக் குளிசைகளைக் கொண்டுவருவான். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். வெளிநாட்டுக் குளிசைக்கு வேகம் கூட என்பது எங்கள் சனத்தின் வேதவாக்கு. எதிர் வீட்டில் ரியூசன் கொடுக்கும் வாத்தியார் பட்டதாரி. அவரே தடிமன், காய்ச்சல் வந்தால் என் கதவைத்தான் தட்டுவார். அதில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

கொரோனா ஊசிக் காலம். மனைவிக்கு இரண்டாவது ஊசியை ஒரு காலையில் போட்டார்கள். மறுநாள் பின்னேரம் தொண்டை நோகுது என்றாள். டின்னைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமான குளிசை ஒன்றைக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் ஆகவில்லை, உதடு வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. வாத்தியாரும் நானும் அவளைத் திரீவீலில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பிழைத்துக்கொண்டாள். அடுத்த நாள் ஒரு பெண் டொக்டர் படிவத்தோடு அவளுடைய கட்டிலடிக்கு வந்தார். ஊசி போட்டவர்களுக்கு என்ன வந்தாலும் எழுதி, பல நாட்டு ஆஸ்பத்திரிக்காரர் சேர்ந்து பார்க்கிறார்களாம்.

“ஊசிக்குப் பிறகு வேற மருந்து ஏதும் குடுத்தனீங்களா ஐயா?”

வாத்தியார் பக்கத்தில் நின்றார். “இல்லை” என்றேன்.

அதோடு விட்டேனா? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், “ஊசிதான் அவளைச் சாய்ச்சது, என்ர வாய்ச்சொல் பத்து நாட்டுக்குப் போகுது” என்று பீற்றினேன். எங்கள் மாடியில் இரண்டு குடும்பம் ஊசிக்குப் போகாமலே நின்றுவிட்டது. அது என் பொய்யால் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

சில கிழமை கழித்து அதே டொக்டர் போன் எடுத்தார். சத்தமாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஐயா, வெளிநாட்டில ஒரு ஆஸ்பத்திரியில இருந்து கேள்வி வந்திருக்கு. ஊசியால இப்பிடி வாறதெண்டால் அனேகமா கொஞ்ச நேரத்திலேயே வந்திருக்கோணும். இது அடுத்த நாள் பின்னேரம். வேற ஒண்டும் குடுக்கேல்லையா?”

“நான் பொய் சொல்லுறன் எண்டோ?”

“இல்லை ஐயா. அம்மாவுக்கு எது ஒத்துக்கொள்ளாது எண்டு தெரியாட்டி, நாளைக்கு நாங்களே அதைக் குடுத்திடுவம்.”

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்: “குளிசையைச் சொல்லுங்கோவன். இல்லாட்டி ஆஸ்பத்திரியில வைச்சே என்னை முடிச்சுப்போடுவினம்.”

அவள் பக்கம் திரும்பினேன். “அண்டைக்கு ஏனடி சொல்லேல்லை?”

“வாத்தியாருக்கு முன்னால உங்கட முகம் போன போக்கைப் பார்த்தனான்.”

மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தவள், என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். என்ன மானம்! காறித் துப்ப வேண்டிய மானம்.

குளிசையின் பேர் எனக்கு எங்கே தெரியும்? நிறம்தான் தெரியும். டின்னோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் அதை ஒரு கடதாசியில் கொட்டினார். ஒன்றோடொன்று ஒட்டிப்போன குளிசைகள், காலம் கடந்தவை, நடுவில் காய்ந்த கரப்பான் பூச்சி ஒன்று. அந்த நாற்றத்தைத்தான் நான் ஊருக்கெல்லாம் பங்கு வைத்தேன். சிவப்புக் குளிசையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. சோதித்து உறுதிப்படுத்தினார்கள். பென்சிலின் வகை மருந்து ஒன்றும் இவருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதித் தந்தார்கள். வெளிநாட்டுக்குப் போன என் பொய்யையும் திருத்தினார்கள்.

மாடிக்கு வந்து எல்லோருக்கும் உண்மையைச் சொன்னேன். வாத்தியார் சிரித்தார். “மாத்திச் சொல்ல எவ்வளவு தந்தவங்கள் அண்ணை?” பொய்யை ஒரே நாளில் விழுங்கிய சனத்துக்கு உண்மை தொண்டையில் சிக்கியது. ஊசிக்குப் போகாத குடும்பங்களில் ஒன்று இன்றைக்கும் போகவில்லை. அந்தக் கதவைக் கடக்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

மனைவி அந்த அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். எந்த டொக்டரிடம் போனாலும் உட்காருமுன் அதை மேசையில் வைப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்கள் கதைக்காதேங்கோ” என்பாள்.

நான் கதைப்பதில்லை.