நாய்க்கும் மரியாதை கொடுத்த வீடு

செய்தி வந்தபோது நான் காரைக் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி அண்ணன் பகல் வேளையில் அழைப்பவர் இல்லை. எடுத்ததும், "தம்பி, தேனு போயிட்டா" என்றார். எனக்குப் புரியவில்லை. எங்கே போனார் என்று கேட்டேன்.

"தூக்கத்துலயேங்க. ஹார்ட்டுன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரி ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. நீங்க வந்து பட்டியக் கூட்டிட்டுப் போயிடறீங்களா? வர்ற ஒவ்வொருத்தரையும் வாசல்ல நின்னு வாலை ஆட்டி வரவேத்துட்டு இருக்கான். என்னால பாக்க முடியல."

பட்டி அவர்களுடைய நாய். பாதி எங்களுடையதும்கூட. நான் போனபோது அவன் என் கையை முகர்ந்துவிட்டு, வழக்கம்போல எனக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலை நோக்கி நடந்தான்.

ஹூஸ்டனுக்கு மேற்கே, இந்தக் கேட்டி ஊரில் அண்ணனின் மனைவி டாக்டர் தேன்மொழியை அறியாத தமிழர்கள் குறைவு. இதைப் படிக்கும் உங்களில் சிலரை அறுவை சிகிச்சைக்கு முன்னால் பேச்சுக் கொடுத்தபடியே மயக்கத்தில் ஆழ்த்தியிருப்பார். சிலர் வீட்டுப் பொங்கலுக்கு அழையாமலே வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்திருப்பார். அவருடைய மருத்துவத்தைப் பற்றிச் சொல்லத் தகுதியானவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது, அவர் ஒரு நாய்க்குட்டியை வேட்டைக்கும் வீட்டுக்கும் சேர்த்து வளர்த்த கதை.

ஆமாம், வேட்டைக்கு. தேன்மொழி அக்கா வாத்து வேட்டைக்குப் போவார் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் சிலருக்குப் பிடிக்காது. அவருடன் வேலை பார்த்த கிளென் என்ற நர்ஸ்தான் ஒரு குளிர்காலத்தில் தண்ணீர் கட்டிய நெல்வயல்களுக்கு அழைத்துப் போனார். வேடிக்கை பார்க்கப் போனவர் அடுத்த வருடம் லைசென்ஸ் வாங்கிவிட்டார். ஒரு விருந்தில் யாரோ, "உயிரக் காப்பாத்தற டாக்டர் இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டார்கள். அக்கா கோபப்படவில்லை. "நீங்க இப்ப சாப்பிடற கோழிய ஒரு தடவை நேர்ல பாத்தீங்களா? நான் சாப்பிடறத நான் பாத்துட்டுத்தான் சாப்பிடறேன்" என்றார். கேட்டவர் தட்டைப் பார்த்தார். நான் சைவம் என்பதால் நிம்மதியாகத் தயிர்சாதத்தைத் தொடர்ந்தேன்.

ஆனால் ஒருநாள் அவர் சுட்ட வாத்து ஒன்று கோரைப்புல்லுக்குள் விழுந்தது. மத்தியானம் வரை தேடியும் கிடைக்கவில்லை. அது அவரை விடாமல் அரித்தது. "எடுத்துட்டு வர முடியாததச் சுடக் கூடாது ரகு. இனிமே நாய் இல்லாம போகமாட்டேன்" என்று சொல்லித் துப்பாக்கியைப் பூட்டி வைத்தார்.

நாய் வளர்க்க ஒப்புக்கொள்ள அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். அது கொல்லையில் கூண்டில் கிடக்கக் கூடாது. வீட்டுக்குள் வீட்டு ஆளாக இருக்க வேண்டும். இப்படித்தான் ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரி உடுப்பின் மேல்கோட்டுக்குள் எதையோ வைத்துக்கொண்டு அக்கா எங்கள் கதவைத் தட்டினார். கோட்டின் கழுத்துப் பக்கமாக ஒரு பழுப்புத் தலை எட்டிப் பார்த்தது. லாப்ரடார் குட்டி. "பேரு கருப்பட்டி. கூப்பிட நீளமா இருக்கு, அதனால பட்டி" என்றார்.

எதிர்வீட்டு மலையாளி நண்பர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மொழியில் பட்டி என்றாலே நாய்தான். "நாய்க்கு நாய்னு பேர் வெச்ச முதல் டாக்டர் நீங்கதான்" என்றார். "அப்ப மறந்து போகாதுல்ல?" என்றார் அக்கா.

குட்டிக்கு முதல் பாடம் எங்கள் வீட்டு மாடி நடையில் நடந்தது. அதற்குக் காரணம் இருந்தது. எறிந்த பொருளை நாய் எடுத்துக்கொண்டு வேறு எங்கும் ஓட முடியாதபடி, இரு பக்கமும் கதவுகள் மூடிய குறுகலான நடை வேண்டும். அவர்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லை. என்னுடைய பழைய காலுறையை உருட்டி முடிச்சுப் போட்டு அக்கா எறிவார். குட்டி உருண்டடித்துக்கொண்டு ஓடும். கவ்வியதும் போக வேறு வழியில்லாமல் அவரிடமே வரும். வந்ததும் காலுறையைப் பிடுங்க மாட்டார். முதலில் நெஞ்சைத் தடவி, கொண்டு வந்ததற்காகக் கொஞ்சுவார். "அவசரப்பட்டுப் புடுங்குனா, அடுத்த தடவை வரவே யோசிப்பான்" என்பார். அவன் வராமல் விளையாட்டுக் காட்டினாலும் துரத்த மாட்டார். தானே எதிர்த்திசையில் ஓடுவார். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி எங்கள் நடையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட, குட்டி காலுறையோடு பின்னால் ஓடுவதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த நாட்களில் என் மகள் நிவி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பூங்காவில் ஒரு நாய் துரத்தியதிலிருந்து எந்த நாயைக் கண்டாலும் நடுங்குவாள். நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு, "ஒண்ணும் பண்ணாது" என்று. அக்கா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

"பயமா இருக்கா கண்ணு?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்பார்.

"யெஸ். ஐ டோன்ட் வான்ட் டு சீ ஹிம்."

"பாக்காத. அவனையும் உன்னப் பாக்க வேணாம்னு சொல்லிடறேன். நீ உன் வேலையப் பாரு, அவன் அவன் வேலையப் பாக்கட்டும்."

அவ்வளவுதான். வற்புறுத்தல் எதுவும் இல்லை. சில வாரங்களில் கதவு லேசாகத் திறந்தது. பிறகு நிவி அறை வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்தாள். ஒரு மாலை பட்டி காலுறையைக் கவ்விக்கொண்டு அக்காவைத் தாண்டி நேரே போய், எச்சில் சொட்டச் சொட்ட அதை நிவியின் மடியில் வைத்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அக்கா வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நிவி இரண்டு விரலால் காலுறையை எடுத்து எறிந்தாள். அன்றிலிருந்து அந்த நடையில் எங்களுக்கு இடமில்லாமல் போனது.

கட்டளைகள் தமிழில்தான் என்று அக்கா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். மொழிப்பற்று காரணமில்லை. "வயல்ல பத்துப் பேரு 'சிட், ஸ்டே'ன்னு கத்துவாங்க. இவன் என் குரலுக்கு மட்டும் திரும்பணும்" என்றார். நியாயமான யோசனைதான். குறுக்கே வந்தது பழனிச்சாமி அண்ணனின் நாக்கு. உடுமலைப்பேட்டைக்காரர், பால் போடும் பையனைக்கூட "வாங்க" என்று அழைத்துப் பழகியவர். அவருக்கு "உக்காரு" என்று மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல வராது. "வாங்க பட்டி, உக்காருங்க பட்டி" என்று சொல்லிக் கையோடு ஒரு பிஸ்கட்டும் கொடுப்பார்.

"ஏனுங்க, நாய்க்கு மரியாத குடுத்தா அதுக்குப் புரியாதுங்க" என்பார் அக்கா.

"அதுக்குப் புரியுது. உனக்குத்தான் புரியல."

உண்மையில் நாய்க்கு மிக நன்றாகப் புரிந்தது. மரியாதையோடு பிஸ்கட்டும் வரும் என்று கற்றுக்கொண்டான். அதன்பின் "உக்காரு" என்றால் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். "உக்காருங்க" என்றால் பொத்தென்று உட்காருவான். அக்கா ஒரு மாதம் போராடிப் பார்த்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டு வீட்டாரும் அவனை "ங்க" போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த என் மாமனார், "என்னை ஒருத்தரும் இப்படிக் கூப்பிடறதில்ல" என்று குறைபட்டுக்கொண்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஜூலை நான்கு வந்தது. எங்கள் குடியிருப்பில் சுதந்திர தின வாணவேடிக்கை எப்போதும் கொஞ்சம் அதிகம். யாரோ வேலிக்கு அருகிலேயே ஒரு பெரிய வெடியைக் கொளுத்தினார்கள். பட்டி குளியல் தொட்டிக்குள் போய் ஒடுங்கியவன் மறுநாள் வரை வெளியே வரவில்லை. அதன்பின் பாத்திர மூடி விழுந்தால்கூட நடுங்கினான். காலுறையை எறிந்தால் பார்த்துக்கொண்டே நின்றான்.

கிளென் வந்து பார்த்தார். வேட்டை தெரிந்தவர், நல்ல மனிதர். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்த நாய் வேட்டைக்கு ஆகாது, யாராவது குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வேறு குட்டி பாருங்கள், தாமதித்தால் சீசன் போய்விடும் என்றார். அக்கா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அவர் போன பிறகு, மறுபடி தொட்டிக்குள் போய் ஒடுங்கியிருந்த பட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வேட்டைக்கு ஆகலேன்னா வீட்டுக்கு ஆவான். வீட்டுல இருக்கறவன் நடுங்கிட்டு இருக்கக் கூடாது. முதல்ல அதப் பாக்கலாம்" என்றார். அந்த வருடச் சீசனுக்கு அவர் போகவே இல்லை. துப்பாக்கி பூட்டிய இடத்திலேயே இருந்தது.

நாங்கள் செய்தது மிக எளிய காரியம். தினமும் சாயங்காலம் பட்டிக்குச் சோறு வைக்கும்போது, நான் எங்கள் கொல்லையின் கோடியில் நின்று ஒரு வாணலியைக் கரண்டியால் மெல்லத் தட்டுவேன். அவன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டால் மறுநாள் ஓரடி கிட்டே. நிமிர்ந்தால் மறுபடி பின்னால். என் மனைவி கவிதா ஜன்னல் வழியாகப் பார்த்து, "ஆபீஸ்ல டைரக்டர், இங்க வாணலி" என்பாள். வாணலியிலிருந்து தகரத்துக்குப் போனோம். பிறகு ஒரு திறந்த வெளியில், பட்டி நிவியோடு ஓடி விளையாடும்போது, கிளென் மிகத் தொலைவிலிருந்து சிறிய பொம்மைத் துப்பாக்கியை வெடிப்பார். தான் சொன்னது தவறாகட்டும் என்று அவரும் விரும்பத் தொடங்கியிருந்தார். அக்காவின் கண் பட்டியின் வாலிலேயே இருக்கும். வால் தாழ்ந்தால் அன்றைய பாடம் முடிந்தது. உடனே வீட்டுக்குக் கிளம்புவோம். இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம் என்று அது நீண்டது. அக்காவுக்கு ஒருநாள்கூடச் சலிப்பு வந்து நான் பார்க்கவில்லை. மயக்க மருந்து டாக்டருக்கு, எதிரில் இருப்பவரின் மூச்சு சீராகும்வரை காத்திருப்பது பழகிய வேலையாக இருந்திருக்கலாம்.

அடுத்த நவம்பரில், விடிகிற நேரத்தில், நெல்வயல் ஓரத்தில் மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அக்காவோடும் கிளெனோடும் நானும் நின்றேன். சைவன் வந்த காரணம் எளிது. இவ்வளவு வாணலி தட்டியவன் முடிவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கிழக்கே வெளுத்தது. வாத்துகள் வளைந்து இறங்கின. அக்கா எழுந்து சுட்டார். ஒரு வாத்து தண்ணீரில் விழுந்தது. நாங்கள் யாரும் வாத்தைப் பார்க்கவில்லை. மூவரும் நாயைப் பார்த்தோம்.

பட்டியின் காதுகள் முன்னுக்கு வந்திருந்தன. வால் நிமிர்ந்து ஆடியது. உடம்பு துடித்தது, பயத்தில் அல்ல. அவன் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்து உத்தரவுக்காகக் காத்திருந்தான். அக்காவோ உத்தரவை மறந்து அவன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் இழுத்துக்கொண்டே போக, பொறுக்க முடியாமல் நான் கத்தினேன்.

"எடுத்துட்டு வாங்க!"

தண்ணீர் தெறிக்கப் பாய்ந்தான். போய்க் கவ்வித் திரும்பி, கூப்பிட்டவனிடம்தானே தர வேண்டும் என்று நேரே என்னிடம் வந்து நின்றான். வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். வெதுவெதுப்பாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஒரு இறகுகூடக் கலையவில்லை. கிளென் தொப்பியைக் கழற்றினார். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சேற்றில் உட்கார்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தார். "ரகு, உங்கம்மாவுக்கு போட்டோ அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

அன்று மாலை சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு அந்த வாத்தைச் சமைத்தார். அதே மசாலாவில் எனக்கு வாழைக்காய். அண்ணன் இரண்டையும் ருசித்து, வாழைக்காய்தான் ஒசத்தி என்று சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர்களுக்குச் சில நல்ல சீசன்கள் கிடைத்தன. இன்னும் பல கிடைத்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம் முடிந்ததும், பேசச் சொன்னபோது மறுத்துவிட்ட பழனிச்சாமி அண்ணன், எல்லோரையும் குடியிருப்பின் பின்னால் இருக்கும் குளத்துக்கு அழைத்தார். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பதினான்கு வயது நிவி, பயிற்சிக்கு எறியும் கான்வாஸ் உருளையைத் தண்ணீரில் எறிந்தாள். பட்டி நீந்திப் போய் எடுத்துவந்து அண்ணனின் கையில் கொடுத்தான். அப்புறம் பட்டுச்சேலைகளுக்கும் வெள்ளை வேட்டிகளுக்கும் நடுவில் நின்று, உடம்பை ஒரு உதறு உதறினான். அலறலும் சிரிப்புமாகக் கூட்டம் சிதறியது. முகமெல்லாம் சேற்றுத் தண்ணீரோடு அண்ணன் சத்தமாகச் சிரித்தார். அவர் மூன்று வாரமாகச் சிரித்து நான் கேட்டிருக்கவில்லை.

நவம்பரில் கிளென் கூப்பிட்டிருக்கிறார். துப்பாக்கி அவர் கையில் இருக்கும். நாயின் பக்கத்தில் நான் நிற்பேன். அண்ணனும் வருகிறேன் என்கிறார். பயந்து நிற்கும் ஒரு உயிரை அவசரப்படுத்தாமல், அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். தேன்மொழி அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்.