சேலை தொங்கிய பக்கம்

கயிறு போதவில்லை. பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் அதுதான் மூலகாரணம்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்ட முதல் மாதங்களில் யாங்கோன் என்கிற ரங்கூனில் பெண்கள் தெருக்களின் குறுக்கே கயிறு கட்டித் தமெயினைத் தொங்கவிட்டார்கள். தமெயின் என்பது இங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் கைலி. பெண் உடுத்திய தமெயினுக்கு அடியில் நடந்தால் ஆணின் மகிமை போய்விடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. துப்பாக்கி பிடித்தவனுக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூடவே உண்டு. பபேடான் பேட்டையில் எங்கள் சந்திலும் கட்டுவது என்று முடிவானது.

எங்களுக்கு நேர் எதிரே, முதல் மாடியில், மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் பர்மியப் பெண்மணி இருக்கிறார். நான் அவரை அமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை ஞீமா என்பார். அக்கா, தங்கை என்று அர்த்தம். அவர் தன் மாடத்துக் கம்பியில் கயிற்றைக் கட்டி என் பக்கம் வீசினார். அது பாதிச் சந்தைத்தான் தாண்டியது. கடைகளெல்லாம் மூடிக் கிடந்ததால் வேறு கயிறு வாங்க வழியில்லை. நான் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தேன். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கட்டுகிற ஆறு சேலைகள் அதில் இருந்தன. மற்ற நாளெல்லாம் எனக்கும் தமெயின்தான். பச்சைச் சேலை ஒன்றை எடுத்து, ஒரு முனையை என் மாடத்துக் கம்பியில் கட்டி, கீழே இறங்கி மறுமுனையைக் கயிற்றின் நுனியில் முடிந்தேன், அமா இழுத்துக் கட்டினார். அந்தப் பாதியில் தமெயின்கள், இந்தப் பாதியில் என் சேலை.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. எதற்கும் அவர் சொல்வதுதான், நமக்கு எதற்கு வம்பு என்று. சேலைக்கு அந்தச் சக்தியெல்லாம் கிடையாது என்றும் சொன்னார். அவருக்குத் தெரியாமலா? எங்கள் வீட்டு ஆண்கள் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள். மகிமை குறைந்ததாக யாரும் புகார் சொன்னதில்லை, குறைகிற அளவுக்கு இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அமா வீட்டுக்குக் கீழே ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருக்கிறார். சந்தே அவரைச் சயாஜீ என்று அழைக்கும், பெரிய வாத்தியார் என்று பொருள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, சிப்பாய்கள் சேலைப் பக்கமாகவே நடந்து வந்துவிடுவார்களே, கலாச் சேலைக்கு எவன் பயப்படுவான் என்று கேட்டார். கலா என்றால் இந்தியர்களைக் குறைத்துச் சொல்கிற சொல். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாய்ப்பழக்கம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் சந்து முனையில் லாரி வந்து நின்றது. அதுவரை தெருவில் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பின்சந்துக்குள் ஓடினார்கள். நான் சன்னல் இடுக்கில் நின்று பார்த்தேன். சிப்பாய்கள் தமெயின் வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவன் என் சேலைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னான். பிறகு தானே அந்தப் பக்கம் நடந்து வந்தான். அவன் வந்தால் பிள்ளைகள் பிடிபடுவார்கள், அத்தனைக்கும் என் சேலைதான் காரணம் என்றாகிவிடும்.

சேலைக்கு இரண்டு எட்டு இருக்கையில் அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பச்சைத் துணி காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் போய்விட்டான். கடைசியில் அந்த வழியாக வந்த சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரரைப் பிடித்து நிறுத்தி, மூங்கிலில் கத்தியைக் கட்டிக் கொடுத்து எல்லாவற்றையும் அறுத்துப் போடச் சொன்னார்கள். தமெயின், சேலை என்று பிரிக்காமல் ஒரே குவியலாகக் கொளுத்தினார்கள். அதற்குள் பிள்ளைகள் எங்கேயோ தப்பிப் போயிருந்தார்கள். சேலை எரிந்ததற்கு நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

சில மாதம் கழித்து மறைவில் புதிய அரசை அமைத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து செய்தி வந்தது. மேலிருந்து கட்டியதெல்லாம் இடிந்துபோயிற்று, இனி அடியிலிருந்து கட்டுவோம், ஒவ்வொரு சந்தும் தனக்கென்று ஒரு குழுவும் விதியும் வைத்துக்கொள்ளட்டும், அவற்றைச் சேர்த்து டவுன்ஷிப், அதற்குமேல் நாடு என்றார்கள். எங்களுக்கும் தேவை இருந்தது. ராணுவம் நியமித்த வார்டுத் தலைவர் சந்துக்குள் தலைகாட்டவே பயந்தார். குப்பை அள்ள ஆளில்லை, தண்ணீர் மோட்டாரை யார் பார்ப்பது என்று தினமும் தகராறு. சயாஜீ விதிகளை எழுத, வீட்டுக்கு ஒருவராக அமாவின் வீட்டில் மொஹிங்கா சாப்பிடுகிற சாக்கில் கூடினோம். என் கணவர் ஒட்டிக்கொண்டு வந்து கதவோரம் உட்கார்ந்தார்.

சயாஜீ வாசித்தார். முதல் விதி, இந்தச் சந்தின் தைங்யின்தாக்கள் எல்லாரும் சமம், எல்லாரும் வாக்களிக்கலாம், குழுவுக்கு நிற்கலாம். எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்க எவ்வளவு இனிமையான சொல். மண்ணின் மக்கள் என்று அர்த்தம். ஆனால் எந்தெந்த இனம் மண்ணின் மக்கள் என்று பழைய சர்க்கார் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதில் நாங்கள் இல்லை. என் கணவரின் தாத்தா இந்த நகரத்துக்குச் சாக்கடை வெட்டியவர். பேரனின் அடையாள அட்டை நீல நிறம், அதற்கு விருந்தாளிக் குடிமகன் என்று பேர். மூன்று தலைமுறையாக வரி கட்டிக்கொண்டிருக்கிற விருந்தாளியை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்?

நான் அந்தச் சொல் வேண்டாம் என்றேன். சயாஜீ உண்மையாகவே திகைத்துப் போனார். அது எல்லாரையும் சேர்த்த சொல்தானே என்றார். அவருக்கு அப்படித்தான். வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லுக்கு உள்ளேயே இருந்தவருக்கு அதற்கு ஒரு வேலி இருப்பது எப்படித் தெரியும்? பட்டியலை எடுத்துச் சொன்னேன். அவர், நீ சொல்வது நியாயம்தான், ஆனால் முதலில் வெல்வோம், இதையெல்லாம் நௌக்மா பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நௌக்மா என்றால் பிறகு. எனக்கு அந்த ஒரு சொல்லில்தான் தீப்பற்றியது. என் மாமனார் அட்டையை மாற்ற ஆபீஸ் ஆபீஸாக அலைந்தபோதும் நௌக்மா. தேர்தல் நடக்கிற நல்ல காலம் வந்ததே, அப்போதும் நௌக்மா. பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புதிய அரசு கட்டுவதென்றால் நாடெங்கும் இத்தனை பிள்ளைகள் சுடப்பட்டுச் செத்தது எதற்கு? நாற்காலியில் உட்காரும் முன்னே கொடுக்காதவர்கள் உட்கார்ந்த பிறகா கொடுப்பார்கள்? இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. ஒன்றைத்தான் சொன்னேன், பர்மிய மொழியில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

“சயாஜீ, அன்னிக்கு வந்த சிப்பாயக் கூப்பிட்டுக் கேளுங்க. பாதித் தெருவுல தமெயின் இல்ல, என் சேலைதான் தொங்குச்சு. கிட்ட வந்தவன் ஏன் அதுக்கு அடியில நுழைஞ்சு வரல? இந்த ஊர்ப் பொம்பளைக்கு உள்ள பவரு எனக்கும் இருக்குன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு மட்டும் பிறகுதான் தெரியுமா?”

அமா எழுந்து வந்தார். சயாஜீயின் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்தச் சொல்லின்மேல் கோடு கிழித்தார். வேறு என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். யாட்தூ யாட்தா என்றேன். பேட்டைக்காரிகள், பேட்டைக்காரர்கள் என்று பொருள், கோயில் அன்னதானத்துக்கு ஒலிபெருக்கியில் கூப்பிடுகிற சாதாரணச் சொல். சயாஜீ அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சட்டத்தில் இப்படி ஒரு சொல் இருந்ததே இல்லை என்றார். பிறகு அவரே தன் கையெழுத்தில் அதை எழுதினார்.

அப்போதுதான் கதவோரம் உட்கார்ந்திருந்த என் கணவர் தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

“அப்ப நானும் நிக்கலாமா புள்ள?”

நிக்கலாம் என்றேன். தண்ணீர் மோட்டாருக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. நமக்கு எதற்கு வம்பு என்று சொல்வதை விட்டுவிட்டு, தண்ணீரை வீணாக்குகிறவர்களோடு தினம் ஒரு வம்பு வளர்க்கிறார்.

எங்கள் விதிகளை டவுன்ஷிப்புக்கு அனுப்பினோம். திரும்பி வந்தது. முதல் வரியில் பழைய சொல்லே மறுபடி உட்கார்ந்திருந்தது. நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், மற்றதை வெற்றிக்குப் பிறகு பேசலாமாம். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். நான் கோடு கிழித்துத் திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது. மறுபடி கிழித்தேன். இந்தத் தடவை சயாஜீ எனக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். ஞீமா, அவர்கள் களைத்துப் போகும்வரை கிழிப்போம் என்றார்.

இன்னும் பதில் வரவில்லை. அவர்கள் எங்கள் ஆட்கள்தான், எனக்கு அவர்கள்மேல் பகை இல்லை. ஆனால் என்றைக்காவது அவர்கள் வென்று, அந்தச் சொல்லோடு அரசாங்கத்துக்குள் நுழையப் போனார்களென்றால், நான் வாசலில் குறுக்கே கட்டிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன். பீரோவில் இன்னும் ஐந்து சேலைகள் இருக்கின்றன.