ஐம்பத்து மூன்று மணி

என் கடை மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் 'டீச்சர் வீடு' என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்துதான். எதற்கும் உதவாத சாமான். கடையைக் கூட்டிப் பெருக்க வரும் அம்மா, "இத இரும்புக்குப் போட்டுரவாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். இரண்டாவது தடவை எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

இரண்டாயிரத்து இரண்டு, மூன்று வாக்கில் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டிருந்தேன். தினமும் வடமதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கவே ஆட்கள் பயந்த காலம் என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடத்தான். டீச்சர் வீடு மேட்டுப்பட்டியில் இருந்தது. பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கணவரை நான் 'சார்' என்பேன். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தபோது சார் எதையும் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார்.

ஆபரேஷனுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், பெங்களூரில் வேலை பார்த்த மகன், தான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் மைக்கைச் செருகி அப்பாவைப் பேசச் சொல்லியிருக்கிறார். பதினொரு நிமிடம். அதில் பெரிய உபதேசம் எதுவும் இல்லை. "என்னத்தடா பேசச் சொல்ற? ஏ டீச்சரு, இங்க வா, இவன் உசுர வாங்குறான்" என்று ஆரம்பிக்கும். மத்தியானம் சோற்றுக்கு வைத்த வெஞ்சனத்தில் உப்பு இல்லை என்று ஒரு புகார். நடுவில் இருமல். கடைசியில், "போதும்லே, அமத்து." அம்புட்டுத்தான். ஃப்ளாப்பியில் அடங்காது, அடுத்த லீவில் எடுத்துக்கொள்ளலாம் என்று மகனும் கிளம்பிவிட்டார். காலையில் கஞ்சி குடித்த பிறகு டீச்சரும் சாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பதினொரு நிமிடத்தைக் கேட்பார்கள். 'ஏ டீச்சரு' என்ற இடத்தில் டீச்சர் தினமும் சிரிப்பார். சார் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு குனிந்து சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நானும் கூட இருந்தேன். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர்தான் காலையில் போட்டால் டிஸ்க்கைக் காணோம் என்று சொல்ல ஆரம்பித்தது. நான் போய்ப் பெட்டியைத் திறந்து தூசி ஊதி, கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். வந்தது. நாலு நாள் கழித்து மறுபடி இல்லை. புதுக் கேபிள் போட்டேன். வந்தது, மறுபடி போனது. கரண்ட் கொடுக்கும் பெட்டியையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று பிடிபட்டது. போட்டவுடன் வராவிட்டாலும், அப்படியே செத்த நேரம் விட்டுவைத்து ரீசெட் பொத்தானை அமுக்கினால் வந்துவிடுகிறது. சூடேறினால்தான் சுற்றுகிறது என்றால் டிஸ்க்கின் ஆயுள் முடியப்போகிறது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். கழற்றிக்கொண்டு போய் சிடியில் ஏற்றிவிட வேண்டும், சிடி எழுதும் வசதி என் கடையிலேயே இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு மில் ஆபீஸ் வேலை காத்துக்கொண்டிருந்தது. "அடுத்த வாரம் வந்து எடுத்துட்டுப் போறேன் டீச்சர். அதுவரைக்கும் போட்டுவிட்டு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி அமுக்குங்க, வந்துரும்" என்றேன். வேதக்காரர் வீடு, மாதா படத்துக்குக் கீழே ஜெபமாலை தொங்குவதைப் பார்த்து வாயில் வந்த கிண்டல் அது. மாதாவை வேண்டும் அந்த மந்திரம் ஒன்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

டீச்சர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் நான் போகவில்லை. மாதம் ஒன்று கழித்து மார்க்கெட்டில் பார்த்தபோது, "வருதுப்பா. ஆனா ஒண்ணு சொன்னாப் போதல, இப்ப ஒரு பத்து சொல்ல வேண்டியிருக்கு" என்றார். சிரித்தேன். மழைக்காலத்தில் கடைப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். ஜெபமாலை முழுசும், முதல் மூன்றும் அப்புறம் ஐந்து பத்துமாக ஐம்பத்து மூன்று மணியும் சொன்னால்தான் வருகிறதாம். "எம்மேலதான் ஏதோ குறை இருக்கு போல. நீ கழட்டிட்டுப் போறேன்னியேப்பா?" "வாரேன் டீச்சர், இந்த வாரம் கண்டிப்பா." அரை நிமிடம் நாலைந்து நிமிடமாகி, அதுவும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று கணக்கு டீச்சர் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உயிர் போகிற டிஸ்க்கின் நாடித்துடிப்பை மணி மணியாய் எண்ணிச் சொல்லியிருக்கிறார். மடப்பயல் எனக்கு அது உறைக்கவில்லை.

இரண்டே வாரத்தில் போன் வந்தது. போனபோது உள்ளே 'டக் டக்' என்று, தட்டைப் படிக்கும் முள் அடிக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. மதுரைக்குக் கொண்டுபோனேன், சென்னைக்கு அனுப்பினேன். தட்டு முழுக்கக் கீறல், ஒன்றும் தேறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொன்னபோது டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சார்தான் சிலேட்டை எடுத்து, 'நான் இருக்கேன்ல' என்று எழுதி அவர் மடியில் வைத்தார். அதைப் படித்துவிட்டு டீச்சர் அழுத அழுகை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அடுத்த வருடம் சார் தவறிவிட்டார். துக்க வீட்டில் டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, ரகசியம் போலச் சொன்னார்: "கடைசியா அது நின்னுச்சே, அன்னைக்கு மூணாவது பத்துல எனக்குக் கவனம் செதறிருச்சுப்பா. வாசல்ல பால்காரரு கூப்பிட்டாரு, திரும்பிட்டேன். அதான்." இத்தனை மாதமும் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அது கிண்டல் டீச்சர், ஜெபத்தில் ஒன்றும் இல்லை, சூடேறும் நேரம்தான், தப்பு முழுக்க என்னுடையது என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவருடைய ஜெபத்தை நான் விளையாட்டாக்கியது தெரிந்துவிடுமே என்று வெட்கம். "அழாதீங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார், பால்காரருக்குத் திரும்பியது தன் பாவம் என்று நம்பிக்கொண்டே.

இப்போது யார் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாலும் முதலில் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைக்கிறேன். "எதுக்குண்ணே இம்புட்டு அவசரம்?" என்று கேட்பார்கள். நான் வேதக்காரன் இல்லை, ஆனால் அந்த மந்திரம் எனக்கு மனப்பாடம். வருடத்துக்கு ஒரு முறை, சார் இறந்த நாள் காலையில், இழுப்பறையிலிருந்து அந்த டிஸ்க்கை எடுத்து ஒரு கம்ப்யூட்டரின் கேபிளில் மாட்டிப் போடுகிறேன். வராது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனாலும் ஐம்பத்து மூன்றும் எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் ரீசெட்டை அமுக்குகிறேன். மூன்றாவது பத்தில் வாசலில் யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.