சீட்டில் அச்சான பூஜ்யம்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஆம்பூர் பஜாரில் மாடியில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில், நஸீர் என் ஸ்கிரீனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது எவ்ளோ நாளா ஓடுது?"

"மூணு மாசமா" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம். டெலிபோன் மணிக்குப் பயம். தந்திக்காரர் பக்கத்து வீட்டுக்குப் போனாலும் பயம். கணக்கு டீச்சர் வேலையை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த புதிதில், அந்தப் பெட்டியைத் துடைக்கக்கூடப் பயந்தேன். நீங்களும் கடிதம் போட்டுக் கேலி செய்வீர்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை.

விஷயத்தைச் சொல்கிறேன்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு டேனரி. சின்னதுதான். அங்கே தோலைச் சுண்ணாம்பிலும் சல்ஃபைடிலும் ஊறப்போட்டு முடியை எடுப்பார்கள். அப்புறம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் மர டிரம்மில் போட்டுச் சுற்றவிட்டுக் கழுவுவார்கள். நன்றாகக் கழுவிய பிறகுதான் ஆசிட். ஏன் அப்படி? சல்ஃபைடு மிச்சம் இருக்கிற தோலில் ஆசிட் பட்டால் விஷவாயு கிளம்பும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும்.

அந்த டிரம்மைப் பார்த்துக்கொள்பவர் கன்னியப்பன். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான மனிதர், வாயில் எப்போதும் வெற்றிலை. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க நான் போனபோது, அவர்தான் சுற்றிக் காட்டினார்.

"நாத்தம் அடிச்சா ஓடிப் பூடலாம்மா. அடிச்சிக்கினே இருந்து, படக்குனு நின்னுச்சுன்னாதான் பேஜாரு. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அடுத்தது ஆளுதான்."

வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். எனக்கு அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

எங்கள் கம்ப்யூட்டருக்கு அங்கே இரண்டே வேலை. இத்தனை எடை தோலுக்கு எவ்வளவு ஆசிட்? இதுவரை இத்தனை நிமிடம் கழுவியாயிற்று, இன்னும் எத்தனை நிமிடம் கழுவ வேண்டும்? காலை முதல் பஸ் கண்டக்டரிடம் டேனரியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். நான் கணக்குப் போட்டு அச்சடித்து, ஒன்பது மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். டேனரி மேனேஜர் ஒரு சட்டமே போட்டிருந்தார் — சீட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்ய வேண்டும், யாரும் கைக்கணக்குப் போடக்கூடாது. அடியில் கன்னியப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் டிரம்மைத் தொட வேண்டும்.

சரி, நஸீர் எங்கே வந்தார்?

நஸீர் வாணியம்பாடியில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறவர். இந்தக் கணக்குகளை எழுதித் தந்தது அவர்தான். நான் எழுதுவது பாஸ்கல் மொழியில், அவர் எழுதுவது சி மொழியில். காலேஜில் இருக்கும் பெரிய மெஷினிலும் ஓட வேண்டும், எங்கள் பெட்டியிலும் ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். இப்படி எழுதிக் கட்டிவைத்த கணக்கு மூட்டைக்கு லைப்ரரி என்று பெயர். அதில் இரண்டு பெயர்களை மட்டும் வெளியே தெரிய விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் உள்ளேயே மறைத்துவிடுவார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு எண்களைக் கொடுத்தால், பதில் வரும்.

முதல் நாள் கூப்பிட்டேன். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்றது மெஷின். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, நஸீருக்குப் போன் போட்டேன்.

"சி கம்பைலர் பேருக்கு முன்னாடி ஒரு அடிக்கோடு சேத்துக்கும் அக்கா. அதையும் சேத்துக் கூப்புடுங்க."

சேர்த்தேன். மெஷின் வாயை மூடிக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆபீஸுக்கே மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தேன்.

அவர் கொடுத்த ஃபிளாப்பியில் இன்னொரு ஃபைலும் இருந்தது. ஹெடர் ஃபைல் என்பார்கள். சி எழுதுகிறவர்களுக்குத்தான் அது தேவைப்படும். பாஸ்கல்காரிக்கு எதற்கு? நான் திறக்கவே இல்லை. பாஸ்கலிலிருந்து கூப்பிடுவதென்றால் என்ன மாற்ற வேண்டும் என்று அதன் தலைப்பிலேயே எழுதிவைத்திருந்தாராம், மகராசன்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தது வேறு ஏதோ வேலையாக. தற்செயலாக என் ப்ரோகிராமைப் பார்த்தார். அப்போதுதான் அந்த முகம்.

"அக்கா, நீங்க ரெண்டு நம்பரை அடுக்கித் தர்றீங்க. பாஸ்கல் மொதல்ல இருக்கறதை மொதல்ல வைக்கும். சி அப்டி இல்ல, கடைசில இருந்து அடுக்கும்."

எனக்குப் புரியவில்லை. டேபிள் மேல் இருந்த இரண்டு டீ தட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"உங்களுக்கு மொதல் தட்டு அடியில இருக்கு. என் கணக்கு, மேல இருக்கறதுதான் மொதல் தட்டுன்னு நெனச்சி எடுக்கும். ரெண்டும் மாறிப் போச்சு."

"மாறியிருந்தா மூணு மாசமா எப்டி சரியா வந்துச்சு?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. நான் கணக்கு டீச்சர் அல்லவா?

ஆசிட் கணக்கு வெறும் பெருக்கல். எதை எதால் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். கழுவுகிற கணக்கு கழித்தல். அந்த டேனரியில் தினமும் சரியாக அறுபது நிமிடம் கழுவுவார்கள், தேவையும் அறுபதுதான். அறுபதிலிருந்து அறுபதை எந்தப் பக்கத்திலிருந்து கழித்தால்தான் என்ன? பூஜ்யம். மூன்று மாதமும் பூஜ்யம், மூன்று மாதமும் சரி.

அடுக்கின தட்டை யார் எடுத்துவைப்பது என்பதிலும் இரண்டு மொழிக்கும் தகராறாம். சி-யில் கூப்பிட்டவர் எடுக்க வேண்டும், பாஸ்கலில் கூப்பிட்டு வந்தவர் எடுக்க வேண்டும். ஆக, எங்கள் விஷயத்தில் யாருமே எடுக்கவில்லை. அதனாலாவது மெஷின் நின்று தொலைத்திருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பேன். அதுவும் நிற்கவில்லை, சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது இது எதுவும் இல்லை. அன்று காலை வந்த துண்டுச் சீட்டு.

'தண்ணி லாரி வரல. நேத்து அரை மணிதான் கழுவினோம். இன்னும் எவ்ளோ கழுவணும்?'

இந்தக் கோடையில் பாலாறு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். டேனரிக் கிணறும் வற்றிவிட்டது. நான் எண்களைத் தட்டினேன். முப்பது என்று வந்திருக்க வேண்டும். தலைகீழாகக் கழித்து மைனஸ் முப்பது வந்திருக்கிறது. அந்த மைனஸாவது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டிருந்தால் விழித்துக்கொண்டிருப்பேன். ஆனால், மைனஸ் நிமிடம் என்று அச்சானால் மேனேஜர் சிரிப்பாரே என்று பயந்து, மைனஸ் வந்தால் பூஜ்யம் போடு என்று ஒரு வரி நானே எழுதிவைத்திருந்தேன்.

சீட்டில் பூஜ்யம். பரவாயில்லையே, தண்ணீர் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, ஒன்பது மணி பஸ்ஸில் அனுப்பியும் விட்டேன்.

"நஸீர், அங்க ஆசிட் ஊத்திடுவாங்க" என்றேன்.

போன் போட்டோம். லைன் செத்துக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரரின் ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கினார் நஸீர். நான் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரப் பயப்படுகிறவள். அன்றைக்கு 'இன்னும் வேகமா, இன்னும் வேகமா' என்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டே போனேன். ஜெபம் பண்ணலாம் என்றால் 'கர்த்தாவே'க்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வழியில் எதிரே ஒன்பது மணி பஸ் காலியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் சீட்டு போய்ச் சேர்ந்து எவ்வளவு நேரம்? கணக்குப் போடப் பிடிக்கவில்லை.

டேனரி கேட்டிலேயே நாற்றம். அழுகின முட்டை. எனக்கு அந்த நாற்றம் வந்ததில் ஒரு ஆறுதல், என் மூக்கு இன்னும் சாகவில்லை. அடுத்த நொடி அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாக இருந்தது.

டிரம் நின்றிருந்தது. ஆட்கள் எல்லோரும் முற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நடுவில் தரையில் கன்னியப்பன். முகமெல்லாம் தண்ணீர், உதடு நீலம். முதல் குடம் ஆசிட்டை ஊற்றிவிட்டு, கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, மூடியைத் திறந்து குனிந்திருக்கிறார். அப்படியே விழுந்திருக்கிறார். பக்கத்து டிரம் ஆள் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்.

மூச்சு வருகிறதா? குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நஸீர்தான் பார்த்தார். "வருது அக்கா" என்றார். வேனில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மேனேஜர் ரூமுக்குள் போனோம்.

"அரை மணி கழுவினேன்னு பொய் சொல்லியிருக்கான்மா. பத்து நிமிஷம்கூட கழுவியிருக்க மாட்டான். நெசமா அரை மணி கழுவியிருந்தா, கம்ப்யூட்டர் பூஜ்யம் போட்டப்புறம் வாயு எப்டி வரும்? அவன் எழுந்து வரட்டும், சீட்டக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிட்றேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்குச் சி தெரியாது, பாஸ்கல் தெரியாது, தட்டு அடுக்குவது தெரியாது. இந்த உலகத்தில் விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நஸீர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

மேஜைமேல் அந்தச் சீட்டு கிடந்தது. நான் அச்சடித்த பூஜ்யம். அதற்குக் கீழே கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தாகக் கஷ்டப்பட்டுப் போட்ட கையெழுத்து. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது?

"அவர் பொய் சொல்லல சார். கணக்கு தப்பு. நான்தான் தப்பா கூப்ட்டேன்."

"இன்னாம்மா சொல்ற? கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன் சார்."

"லைப்ரரி என்னுது சார்" என்றார் நஸீர். "சொல்ல வேண்டியதை இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லி இருக்கணும்."

மேனேஜர் அந்தச் சீட்டை எடுத்து மடித்தார். திட்டியிருந்தால் தேவலை. "போங்க" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னியப்பன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவப்பு. பேசினால் தொண்டை கரகரத்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டுதாம்மா ஊத்தினேன். அரை மணி நல்லாவே கழுவினேன். என் மேல தப்பு வராதில்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று சொன்னேன். மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். தட்டு, அடுக்கு என்று என்னென்னமோ உளறினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கே கம்மியாதாம்மா பட்டுச்சு. அரை மணியில சல்ஃபைடு எப்டி போவும்னு நெனச்சேன். அப்றம் சீட்டப் பாத்தேன். நமக்கு இன்னா தெரியும், படிச்சவங்க போட்டது."

தப்பைச் சரிசெய்துவிட்டோம். நஸீர் நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றினார். பெருக்கலையும், அறுபதில் அறுபதையும் நம்பாமல், இடம் மாறினால் விடையும் மாறுகிற கணக்குகளாகப் பார்த்து நூறு தடவை சோதித்தேன். அந்த ஹெடர் ஃபைலை இப்போது எனக்கு வரிக்கு வரி மனப்பாடமாகத் தெரியும். இதெல்லாம் கன்னியப்பனிடம் சொல்லவில்லை, என்ன முகத்தோடு சொல்வது?

கிளம்பும்போது கூப்பிட்டார்.

"திங்கக்கெழம டூட்டிக்குப் போறேம்மா. வேலை இருக்குன்னு மேனேஜர் ஆள் அனுப்பிட்டாரு. நீ பாட்டுக்கு சீட்டு அனுப்பு. அதுல போட்ட மாதிரி பண்ணிட்றேன்."

அவருக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லை, அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு நிஜமான பயம்.