அமில மேசைக்கு ஒரு துணையாள்

இது நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வேன், அவ்வளவுதான். நள்ளிரவில் அல்ல, பட்டப்பகலில் நடந்தது. பாழடைந்த மாளிகையில் அல்ல, ஒரு துளித் தூசுக்கும் இடம்கொடாத பல்கலைக்கழக ஆய்வகத்தில் நடந்தது. நடந்தது என் அண்ணிக்கு. எவனாவது பேய் என்று வாயெடுத்தால், எழுந்து நின்று சான்று எங்கே என்று கேட்கும் பெண்மணிக்கு!

அண்ணி ஒரு சிறு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். குடிநீரில் கலந்திருக்கும் ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் நகமளவுச் சில்லு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதைச் செதுக்கும் கருவிகளோ பல்கலைக்கழகத்தின் நானோ ஆய்வகத்தில் இருந்தன. 'அனைவருக்கும் பொது' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். யாருக்குப் பொது? உள்ளே இருப்பவருக்குப் பொது. வெளியிலிருந்து வருபவருக்கு வகுப்பு, தேர்வு, சிபாரிசு, காத்திருப்பு; காத்திருந்து முடித்தால் மறுபடியும் காத்திருப்பு! அண்ணி நடையாய் நடந்து எல்லாப் படியும் ஏறிவிட்டார். கடைசிப் படி ஒன்றுதான் மீதி: அமில மேசையில் செயல்முறைத் தேர்வு. சில்லுக்கான சிலிக்கான் தகட்டை அமிலத்தில் தோய்த்துச் சரியாகச் செதுக்கி, ஆய்வகப் பொறுப்பாளரிடம் காட்டினால் நுழைவு அட்டை கிடைக்கும். தவறினால் அடுத்த ஆண்டுதான். அதற்குள் கல்லூரி அவருடைய ஆய்வையே இழுத்து மூடிவிடும்.

அந்த மேசையில் இருப்பது கண்ணாடியையே தின்னும் அமிலம். தோலில் பட்டால் உடனே வலிக்காது. அதுதான் அதன் வஞ்சகம். வலி தெரியும்போது அது எலும்பைத் தொட்டிருக்கும். ஆகவே அங்கே ஒரு சட்டம் உண்டு: தனியாக எவரும் அதைத் தொடக்கூடாது. பின்னால் ஒரு துணையாள் நிற்க வேண்டும். கையுறைக்குள் காற்றடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தருவதும் அவர் பொறுப்பு.

வெளியாளுக்குத் துணை நிற்க யார் வருவார்?

"உங்க காலேஜ்ல இருந்தே ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாமே மேடம்?" என்றார் பொறுப்பாளர்.

"அவரும் இதே தேர்வுல பாஸ் பண்ணணும்பீங்க. அவருக்கு யாரு சார் துணை நிப்பா? நீங்க நிப்பீங்களா?"

பொறுப்பாளர் சிரித்து மழுப்பினார். கடைசியில் ஓர் ஆராய்ச்சி மாணவன் மனமிரங்கினான்.

வியாழக்கிழமை. பகல் ஒன்று இருபது.

"நீங்க டிரெஸ் மாத்திட்டு உள்ள போங்க மேடம். நான் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"ரெண்டு வாய்தானா? பந்தியில உக்காந்துடாதப்பா. ரெண்டு மணிக்கு மேசை வேற ஆளுக்கு."

தலை முதல் கால்வரை வெள்ளை உடை. முகமூடி. கண்ணாடி. அந்தக் கோலத்தில் உடன்பிறந்தவர்களுக்கே ஒருவரை ஒருவர் தெரியாது. உள்ளே மஞ்சள் விளக்கு. காற்றாடிகளின் ஓயாத இரைச்சல். சுவரில் தூசை எண்ணும் கருவி ஒன்று இருந்தது. எத்தனை மூடினாலும் மனித உடல் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆள் நுழைந்தால் அந்த எண் ஏறும். அண்ணி நுழைந்தபோது ஏறியது. பிறகு நிலைத்து நின்றது.

கதவு திறக்கும் ஓசை. உஸ்ஸ்...

அண்ணி திரும்பவில்லை. இடுக்கியில் தகடு இருந்தது.

"வந்துட்டியாப்பா?"

பதில் இல்லை. அந்த இரைச்சலில் பதில் கேட்டிருந்தால்தான் வியப்பு. முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பது மட்டும் தெரிந்தது. துணையாள் நிற்க வேண்டிய அதே இடத்தில்.

சுவரில் எண் ஏறவில்லை.

அண்ணி அதைக் கண்டார். கருவி பழுது என்று நினைத்துக்கொண்டார். நேரம் ஓடியது. அந்த அவசரத்தில், கையுறையைச் சோதிக்கக் கொடுக்காமலே மாட்டிக்கொண்டார். தொட்டியின் மூடியைத் திறந்தார். இடுக்கியைத் தாழ்த்தினார். விரல் நுனி அமிலத்தை நெருங்கியது...

மணிக்கட்டை ஒரு கை பற்றியது.

"என்னப்பா?"

குனிந்து பார்த்தார்.

வெறுங்கை. கையுறை இல்லை. வெள்ளை உடை இல்லை. ஒரு பெண்ணின் வலக்கை. விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன.

அது இழுத்தது. பின்னுக்கு...

அண்ணியின் பார்வை மேலே ஏறியது. கை... மணிக்கட்டு... அதற்கு மேல்...

ஒன்றுமில்லை.

கண்ணை இறுக மூடினார்.

திறந்தபோது கை தெரியவில்லை.

சுவரிலிருந்த ஆய்வகத் தொலைபேசி அலறியது. மாணவன்தான். "மேடம், கேண்டீன்ல செம கூட்டம். இப்பதான் தட்டே வந்துச்சு. நான் வர்ற வரைக்கும் எதையும் தொட்டுடாதீங்க!"

அண்ணி கையுறையைக் கழற்றினார். காற்றடைத்து அமுக்கினார். மோதிர விரல் நுனியில் காற்று கசிந்தது. ஊசிமுனை அளவு ஓட்டை.

மாணவன் வந்தான். வேறு கையுறை வந்தது. அண்ணி தேர்வை முடித்தார், தேறினார். நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டு, நடந்ததைப் பொறுப்பாளரிடம் மெல்லச் சொன்னார். அவர் முகம் மாறியது.

"முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க மேடம். உங்களை மாதிரி வெளியாள்தான். துணைக்கு ஒருத்தரும் போகல. தனியா நின்னு செஞ்சாங்க. கையுறையில ஓட்டை."

"செத்துட்டாங்களா?"

"ஐயோ, வாயைக் கழுவுங்க! நல்லா உயிரோட இருக்காங்க. பின் தெருவுலதான் வீடு."

உயிரோடிருப்பவர் எப்படிப் பேயாவார்? அண்ணிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனார். அந்த அம்மையார் இடக்கையால் கதவைத் திறந்தார். வலப்பக்கச் சட்டைக் கை மடித்து ஊசி குத்தியிருந்தது.

"அந்த ஆய்வகத்துல இருந்து வர்றேங்க" என்பதற்கு மேல் அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அந்த அம்மையாரே பேசத் தொடங்கிவிட்டார்.

"எடுத்த கை இன்னும் இருக்கற மாதிரியேதான் இருக்கும்மா. அப்படித்தான் இருக்கும்னு டாக்டரே சொல்லிட்டார். அது பாட்டுக்கு விரிஞ்சு, சும்மா கிடக்கும். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட உக்காந்தேன் பாருங்க... திடீர்னு எதையோ இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு."

அண்ணி தம் மணிக்கட்டைப் பார்த்தார்.

"பிடிச்சது இன்னும் விடல. விரிச்சுப் பார்க்கறேன், முடியல. பிடிக்குள்ள ஒரு நாடி துடிக்குதும்மா. ராத்திரி மெதுவா துடிக்கும்... பகல்ல கொஞ்சம் வேகமா..."

அவர் நிறுத்தினார். தம் வெற்றுச் சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"இப்ப ஏம்மா இப்படி அடிச்சுக்குது?"