ஆதாரப் போட்டோ

இருபத்தொரு வருடம் சாக்பீஸ் பிடித்த கை, போனைப் பிடித்ததில்தான் ஓய்ந்துபோனது. காலையில் அம்பத்தூரில் லோக்கல் ரயில் ஏறி, பள்ளி இருக்கும் வேப்பம்பட்டில் இறங்குவதற்குள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பத்துச் செய்திகள் வந்துவிடும். உறுதிமொழி எடுத்தீர்களா, போட்டோ போடுங்கள். மரம் நட்டீர்களா, போட்டோ போடுங்கள். மரம் பிழைத்ததா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு வருடம் டிஜிட்டல் கதைசொல்லல் என்று ஒரு திட்டம் வந்தது. ஆவடியில் இரண்டு நாள் பயிற்சி, மத்தியானம் வெஜிடபிள் பிரியாணி. பிள்ளைகள் தங்கள் கதையைத் தங்கள் குரலில் பதிவுசெய்ய வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஸ்மார்ட் போர்டில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். போர்டு இருந்தது. பதிவுசெய்ய இருந்தது என் சொந்த போன் மட்டும்.

என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பேச்சு திக்கும். வருகை எடுக்கும்போது ‘உள்ளேன்’ சொல்லவே திணறுவாள். கை தூக்கினால் போதும் என்று விட்டிருந்தேன். ஒருநாள் இடைவேளையில் அவளே வந்து போனுக்குக் கை நீட்டினாள். கொடுத்து, மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்காரச் சொன்னேன். பக்கத்து வகுப்பு டீச்சர் அவள் பேசுவதைத் தன் போனில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார், ஆதாரத்துக்கு.

நான்கு நிமிடம் பேசியிருந்தாள். திக்கியது, ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூடப் பாதியில் விடவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போன அம்மா ஒரு மழைநாளில் திரும்பத் தாமதமானதையும், இவள் ஸ்டேஷனில் நின்று வண்டிகளை எண்ணியதையும் சொல்லியிருந்தாள். கேட்டு முடித்து அவளைப் பார்த்தேன்.

“அ... அம்மா கேக்கணும் மிஸ்,” என்றாள். கூட்டத்துக்கு வர அம்மா அரைநாள் பர்மிஷன் போட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள், நான்கு மணிக்குள் எல்லாப் போட்டோக்களையும் ஏற்றாவிட்டால் விளக்கம் கேட்கப்படும் என்று குழுவில் செய்தி வந்தது. ஏற்றப் போனால், போனில் இடமில்லை. எனக்கு ஆத்திரமும் அலுப்பும். பெரிய கோப்புகளாகப் பார்த்து வரிசையாகத் தொட்டேன். நிரந்தரமாக அழிக்கவா என்று போன் கேட்டது. அழித்துத் தொலை என்று அழுத்தினேன். போட்டோ ஒன்றையும் தொடவில்லை, அதுதானே ஆதாரம். மூன்று ஐம்பதுக்கு எல்லாம் ஏறியது. நிம்மதியாக டீ குடித்தேன்.

மறுநாள் போனைப் போர்டோடு இணைத்தபோதுதான் தெரிந்தது. மாடிப்படிக்குக் கீழே போனை வாயருகே வைத்து அவள் பேசும் போட்டோ பத்திரமாக இருந்தது. அவள் பேசிய பதிவு, நேற்று அழித்தவற்றோடு போய்விட்டது.

அவள் முன்வரிசையில் அம்மாவின் பக்கத்தில் தலை பின்னிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் போய் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லக்கூட என்னிடம் தெம்பில்லை. அவள் தலை குனிந்துகொண்டாள். அம்மா திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“போனா போவுது மிஸ். இன்னா பேசிச்சி? நீங்க கேட்டீங்க இல்ல, சொல்லுங்க,” என்றார்.

வேறு வழியில்லாமல் நானே ஆரம்பித்தேன். மழை, கரண்ட் போன வீடு, ஸ்டேஷன். “ரெண்டு வண்டி போச்சாம். மூணாவது வண்டியில நீங்க இறங்கினீங்களாம்...”

“நா... நா...” குனிந்த தலை நிமிர்ந்தது. முகம் சிவந்துவிட்டது. உதவிக்குப் போக எழுந்த என் வார்த்தையை நான் விழுங்கிக்கொண்டேன். “நா... நாலு வண்டி போச்சி மிஸ். அ... அஞ்சாவதுல வந்தாங்க. நா தூ... தூண் பின்னாடி நின்னேன். பாத்தா தி... திட்டுவாங்கன்னு முன்னாடியே ஊட்டுக்கு ஓடிட்டேன்.”

அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

“நீ ஊட்ல தூங்கிகினு இருந்தன்னு நெனச்சேன்டி,” என்றார். “தல ஈரமா இருந்திச்சே. நான்கூட கூரை ஒழுவுதுன்னு நெனச்சிகினேன்.”

அவள் இன்னும் பேசினாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. சாயங்காலம் லோக்கலில் போனை எடுத்தால், அன்றைய கூட்டத்தின் போட்டோ கேட்டு மூன்று செய்திகள். ஒரு போட்டோவும் எடுத்திருக்கவில்லை. விளக்கம் கேட்கட்டும் என்று போனைப் பையில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.