டொக்டர் கியாராவின் வாசலுக்கு ஆள் சேர்த்த கதை

மருத்துவமனைக் கவுண்டரில் இருக்கிறவர் நோயைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளும் தோழர்களே, இது உங்களுக்குத்தான் விளங்கும்.

பலெர்மோவில் இராணுவத்தினருக்கான ஒரு கிளினிக்கில் ஆறு வருசம் நிலம் துடைத்தேன். இத்தாலி மொழி நாக்கில் ஏறிவிட்டது என்று கவுண்டரில் இருத்தினார்கள். இருத்திய கையோடு புது முறையும் வந்தது. முந்தி சிப்பாயோ, ஓய்வுபெற்றவரோ, மனைவியோ, நேரே இதய டொக்டர், கண் டொக்டர் என்று போவார்கள். இனி எல்லாரும் ஒரு குடும்ப டொக்டரிடம் பதிய வேண்டும். தேவையென்றால் அவர்தான் கடிதம் தந்து அனுப்புவார். அப்படிக் குடும்ப டொக்டர்மார் இரண்டு பேர், இரண்டு பேரும் இராணுவத்தினர். நரைமீசைக் கேணலின் பட்டியல் ஒரு கிழமையில் நிரம்பியது. மற்றவர் இளம் லெப்டினன்ட் கியாரா. அவரிடம் பதியச் சொன்னால், கேணலிடம் இடம் வரட்டும் என்று திரும்பிப் போனார்கள். கோடைக்குள் கியாராவின் பட்டியல் பாதியாவது நிரம்பாவிட்டால் அந்த அறையை மூடி, என்னையும் பழையபடி நிலம் துடைக்க அனுப்புவோம் என்றார் நிர்வாகி.

நெஞ்சைத் தட்டியவர்

மரெஷாலோ, அதாவது சார்ஜன்ட் மேஜர், சால்வோ ஓய்வுபெற்ற பிறகும் பழைய சீருடைச் சட்டையோடுதான் வருவார். வன்னியில் பிறந்த எனக்கு அந்த நிறத்தைக் கண்டால் இன்னும் கை தானாக அடையாள அட்டையைத் தேடும். மாதக்கணக்காக நெஞ்செரிவு, இதயம்தான் பழுது என்றார். முதலில் டொக்டர் கியாராவிடம் பதியுங்கள் என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன். நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"நாப்பது வருசம் உத்தரவு கேட்டே சீவிச்சனான் பிள்ளை. என்ரை நெஞ்சு நோகிறதுக்கும் ஒரு லெப்டினன்டிட்டை உத்தரவு வாங்கவோ?"

போர்கோ வெக்கியோ சிஞ்ஞோரா

அடுத்து வந்த சிஞ்ஞோரா, போர்கோ வெக்கியோச் சந்தையடியில் இருக்கிற அம்மா, ஒரு சிப்பாயின் விதவை. கியாரா நல்லவர், பொறுமைசாலி, இப்போதே பார்ப்பார் என்று சந்தைக்காரி மாதிரிக் கூவாத குறையாகச் சொன்னேன். அவர் வெறும் வாசலை எட்டிப் பார்த்தார்.

"மீன் வாங்கப் போனாலும் ஆள் நிக்கிற கடையிலைதான் வாங்குவன்."

கதிரைகள்

அந்தச் சொல் நான் குடியிருக்கிற ஒரேத்தோ வரைக்கும், பஸ்ஸில் என்னோடு வந்தது. அடுத்த நாள் காலை, துப்புரவு வேலை செய்யும் மொரிசியஸ்காரி தேவியைப் பிடித்தேன். கோப்பி மெசினடியில் கிடந்த கதிரை எல்லாவற்றையும் இரண்டு பேருமாக இழுத்துக் கியாராவின் வாசலில் போட்டோம். வேறெங்கும் இருக்க இடமில்லை. வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். கூட்டத்தைக் கண்டவர்கள் இது எந்த டொக்டர் என்று விசாரித்தார்கள். பத்து மணிக்குள் நாலு பேர் பதிந்துவிட்டார்கள். கியாரா கதவைத் திறந்து திகைத்து, இத்தனை பேருக்கும் என்ன வருத்தம் என்று தேவியைக் கேட்டார். தேவி துடைப்பதை நிறுத்தவேயில்லை.

"கால் உளைவு, டொத்தோரெஸ்ஸா."

மரெஷாலோவின் சட்டைப்பை

கூட்டத்தைக் கண்டு மரெஷாலோவும் பதிந்தார். கியாரா அரை மணித்தியாலம் கதை கேட்டு, சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னாராம். முழங்கால் நோவு மாத்திரையை மனிதர் வெறும் வயிற்றில் கோப்பியோடு விழுங்கி வந்திருக்கிறார். பரிசோதித்ததில் இதயத்தில் ஒரு குறையுமில்லை. எரிவு அடங்கியதும், அடுத்த கிழமை மனைவி, மச்சான், கூடச் சீட்டு விளையாடுகிறவர்கள் என்று ஒரு படையையே கூட்டிவந்து பதிய வைத்தார்.

கோடைக்கு முன்பே பட்டியல் முழுதாக நிரம்பியது. கவுண்டர் வேலை எனக்கு நிரந்தரம் என்று கடிதம் தந்த அன்று, கழிப்பறைக்குள் போய்ச் சந்தோசத்தில் அழுதேன். வெளியே வந்தால் மரெஷாலோ வரிசையின் கடைசியில் நின்று என்னை முறைக்கிறார்.

"இந்தச் சனத்தையெல்லாம் ஆர் இஞ்சை கூப்பிட்டது? ஒருத்தரும் வராத காலத்திலை எவ்வளவு வசதியா இருந்தது!"

ஆறு வருசம் நின்றுகொண்டு வாங்கிய ஏச்சை இனி ஓய்வுபெறும் வரை கதிரையில் இருந்துகொண்டு வாங்கலாம், அதுதான் என் பதவி உயர்வு.